கணக்கில் சேராத சாப்பாடு

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தும்மினார்கள். கேலிக்காகச் சொல்லவில்லை. ராயபுரத்தில் எங்கள் வீடு இருப்பது அப்பாவின் மிளகாய் வத்தல் கிடங்குக்கு மேலே. படியில் கால் வைக்கும்போதே நெடி மூக்கில் ஏறிவிடும். எங்களுக்குப் பழகிவிட்டது, வருகிறவர்களுக்கு எப்படிப் பழகும்? பையனின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். பையன் கைக்குட்டையைத் தேடுவான். பையனின் அப்பா "யப்பா, என்ன நெடி, என்ன நெடி" என்று சொல்லிக்கொண்டே சோபாவில் உட்காருவார். நான் காபித் தட்டோடு வந்து நிற்கும்போது எல்லார் கண்ணிலும் தண்ணீர் நிற்கும். ஆரம்பத்தில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. அப்புறம் அழுகை வந்தது. அப்புறம் எரிச்சல். அதற்கும் அப்புறம் ஒன்றுமே இல்லை. சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் யாருடைய காலையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, அப்படி.

எனக்கு முப்பத்தைந்து வயது. ஹார்பருக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். கப்பலில் வந்து இறங்கும் சரக்குக்கான பேப்பர்களைச் சரிபார்த்து அனுப்புவது என் வேலை. பொழுதுக்கும் யாரோ ஒருவருடைய கன்டெய்னர் எங்கேயாவது மாட்டிக்கொண்டு நிற்கும். அவர் போனில் என்னிடம் கத்துவார். நான் "சரி சார், பார்க்கிறேன் சார்" என்பேன். திட்டு வாங்குவதில் நான் கெட்டிக்காரி என்று ஆபீசில் பெயர்.

அப்பா திருச்செந்தூர் பக்கத்திலிருந்து வாலிப வயதில் இங்கே வந்து கடை வைத்தவர். வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பேச்சில் இன்னும் ஊர் இருக்கிறது. ஊரிலிருந்து அவர் விடாமல் கொண்டுவந்த வழக்கங்களில் ஒன்று கை நனைப்பது. பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிக்கலாம், கேசரி சாப்பிடலாம், மிக்சரைக் கொறிக்கலாம். அதெல்லாம் கணக்கில் சேராது. சோற்றில் கை வைத்தால்தான் கணக்கு. பெண் பிடித்திருந்தால் மட்டுமே மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பிடிக்கவில்லையென்றால் "இன்னொரு நாள் வந்து கை நனைக்கோம்" என்று எழுந்துவிடுவார்கள். அந்த இன்னொரு நாள் வராது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு தடவையும் அம்மா ஒரு பெரிய பானை நிறையச் சோறு வடித்து, கறிக்குழம்பு வைத்து மூடி வைப்பாள். ஒவ்வொரு தடவையும் அதைக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள்தான் சாப்பிட்டார்கள். "அக்காவ பாக்க எப்போ வர்றாங்கோ?" என்று அவர்கள் என்னிடமே ஆசையாகக் கேட்பார்கள். எனக்குக் கோபம்கூட வராது, நியாயமான கேள்விதானே.

போன வருஷம், மழைக்காலம் தொடங்குவதற்கு முன், திருவொற்றியூரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் எங்களுக்குத் தகவல் அனுப்பியது. அவர்களும் திருச்செந்தூர் பக்கத்து ஆட்கள்தான். பையன் மணலியில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அப்பாவுக்கும் அவர்களுக்கும் பொதுவாக வேண்டிய ஒரு மொத்த வியாபாரி, எம்.கே.பி. நகர்காரர், நடுவில் நின்று பேசினார். "வீட்டுக்கு வரல, ஓட்டல்ல சந்திப்போம், சின்னஞ்சிறுசுகளுக்கும் பேச வசதியா இருக்கும்" என்று அவர்கள் சொல்லி அனுப்பினார்கள். அப்பாவுக்கு முதலில் முகம் சுருங்கியது. பெண்ணை ஓட்டலிலா காட்டுவது? அம்மாதான் "தும்மாம உக்காந்து பேசட்டுமே" என்றாள். அந்த ஒரு காரணம் அப்பாவுக்குப் பிடித்துவிட்டது.

நான் ஒரே ஒரு விஷயம் சொன்னேன். "அப்பா, இதுதான் கடைசி. இதுக்கு மேல நான் யார் முன்னாலயும் வந்து நிக்க மாட்டேன்." சண்டையாகச் சொல்லவில்லை, ஆபீசில் லீவு சொல்கிற மாதிரி சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுல முடிஞ்சிரும் பாரேன்" என்றார். என் கல்யாணத்தின் மேல் எனக்கிருந்த ஆசை எப்போதோ விட்டுப்போயிருந்தது. அவருக்கு விடவில்லை. கடையில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது "பொண்ணு கல்யாணம் என்னாச்சு அண்ணாச்சி?" என்று கேட்டால், அவர் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அந்த ஒரு மத்தியானச் சாப்பாட்டில் அவர் தன்னிடம் மிச்சமிருந்ததையெல்லாம் வைத்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குள்ளே ஒன்றும் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏங்க, ஓட்டல்ல சாப்பிட்டா அது கை நனைச்சதா ஆகுமா?"

அப்பா பாதி முகத்தில் சோப்பு நுரையோடு யோசித்தார். "எங்க சாப்பிட்டா என்ன? நாமதான கூப்பிடுதோம், நம்ம செலவுதான? பிடிக்காத வீட்டுக்காரன் சோத்துல எவனும் கை வைப்பானா? ஜூஸ் குடிச்சிட்டு எந்திரிச்சாங்கன்னா இல்லைன்னு அர்த்தம். இலை போட்டு உக்காந்துட்டாங்கன்னா முடிஞ்சுது." அந்த ஓட்டலில் இலையே போட மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. எதற்கு?

ஓட்டல் எண்ணூர் போகும் ரோட்டில், கடலைப் பார்த்தபடி மூன்றாவது மாடியில் இருந்தது. புதிதாக வந்தது. நாங்கள் அந்த மாதிரி இடத்துக்குப் போனதில்லை. எங்கள் பக்கத்தில் சாப்பாடு என்றால் மெஸ், பிரியாணி என்றால் பார்சல். இங்கே நாற்காலியை இழுத்துப் போட ஒரு ஆள், மடியில் துணியை விரிக்க ஒரு ஆள். பாட்டுச் சத்தம்கூடத் தயங்கித் தயங்கித்தான் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கீழே கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன, அதற்கப்பால் கருங்கல் குவியல், அதற்கப்பால் கடல், கடலில் துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் காத்துக்கொண்டிருந்த கப்பல்கள். அதில் ஏதாவது ஒன்றுக்கு என் மேஜையில் பேப்பர் கிடக்கும். உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. அம்மா பட்டுப்புடவையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அவர்கள் மூன்று பேர் வந்தார்கள். பையன் ஒல்லி, நல்ல உயரம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டு மெனு கார்டுக்குள் போய்விட்டான். அவனுடைய அப்பா தாட்டியான மனுஷர், வாய் நிறையச் சிரிப்பு. அம்மா சின்ன உருவம். எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிற கண்கள். யாரும் தும்மவில்லை.

கறுப்புச் சட்டை போட்ட சர்வர் குனிந்து, "மொதல்ல ஜூஸ் எதாச்சும் கொண்டாரவா சார்?" என்றார். அப்பாவின் கை மேஜைக்கு அடியில் வேட்டியைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

பையனின் அப்பா, "ஜூஸெல்லாம் எதுக்குப்பா, வயித்த அடைக்கும். நண்டு சூப் இருக்கா?" என்றார்.

"சூப் சொல்லு, சூப் சொல்லு! ஆளுக்கொண்ணு!" என்றார் அப்பா. பக்கத்து மேஜையிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நல்ல கிள்ளு. மறுநாள் குளிக்கும்போது கன்றியிருந்தது.

சூப்பைக் குடித்து முடித்தோம். காய்ந்த வத்தல் விலை, ஜிஎஸ்டி, திருச்செந்தூரில் இந்த வருஷக் கூட்டம் என்று அப்பாக்கள் இரண்டு பேரும் அண்ணாச்சி அண்ணாச்சி என்று கொஞ்சிக்கொண்டார்கள். பிரியாணி, வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, மட்டன் சுக்கா என்று ஆர்டர் போயிருந்தது. நான் கை கழுவ எழுந்தேன். பையனின் அம்மாவும் "நானும் வாரேன்மா" என்று கூடவே வந்தார்.

வாஷ்பேசின் முன்னால் பெரிய கண்ணாடி, சாமந்திப் பூ மிதக்கும் ஒரு பித்தளை உருளி. அவர் சோப்பு டப்பாவை அமுக்கினார், வரவில்லை. நான் அழுத்திக் கொடுத்தேன். கையைத் தேய்த்துக்கொண்டே அவர் கண்ணாடியிலிருந்த என்னிடம் பேசினார், என்னிடம் இல்லை.

"நீ நல்ல பிள்ளையாத் தெரியுத. அதான் ஒங்கிட்டயே சொல்லிரலாம்னு பாத்தேன். பையனுக்குப் போன வாரம் வள்ளியூர்ல ஒரு எடம் பேசி முடிச்சிட்டோம். பூ வைக்க நாளும் குறிச்சாச்சு."

நான் குழாயை மூடினேன்.

"அந்த எம்.கே.பி. நகர் அண்ணாச்சி நாள் குறிச்சுச் சொல்லி அனுப்பிட்டாரு. அவரு பேச்சத் தட்ட முடியல, எங்க கடைக்கு வேண்டிய மனுஷர். சரி, ஓட்டல்தான, சும்மா ஒரு சந்திப்புதானன்னு வந்தோம். வீட்டுக்கு வந்து சாப்பிட்டாத்தான கை நனைச்ச கணக்கு? ஓட்டல் சோறு அந்தக் கணக்குல வராதுல்லா. நீயே அப்பாகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லிரு, என்ன?"

"சரி ஆன்ட்டி" என்றேன். கன்டெய்னர்காரர்களிடம் சொல்கிற அதே சரி. பிறகு கேட்டேன், "அப்போ இப்பவே கிளம்பிடலாமே?"

அவர் உண்மையாகவே பதறினார். "ஐயையோ, ஆர்டர் குடுத்தாச்சேம்மா! பாதியில எந்திரிச்சா அப்பா மனசு சங்கடப்படும்லா." பிறகு என் தோளில் கலைந்திருந்த மடிப்பை நீவிவிட்டார். அதை அவர் நல்ல மனசோடுதான் செய்தார். அதுதான் எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். எதையும் உணரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? ஏமாற்றம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கோபம் வருமா என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. வந்தது பிரியாணிதான். மண்சட்டியின் வாயை மாவு வைத்து அடைத்திருந்தார்கள். சர்வர் கத்தியால் அந்த மாவைக் கீறித் திறந்ததும் ஆவி குபீரென்று எழுந்தது. "ஆஹா" என்றார் பையனின் அப்பா. அவர் கரண்டி, முள்கரண்டி எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கையைச் சோற்றுக்குள் விட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அவருடைய முகம் அப்படி ஒரு முகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. பல்லெல்லாம் தெரிந்தது. அந்த நிமிடத்திலிருந்து அவர் சாப்பிடவில்லை, பரிமாற ஆரம்பித்துவிட்டார். சர்வர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி, "நீ தள்ளு தம்பி, நான் பாத்துக்கிடுதேன்" என்று எழுந்து நின்றார். அவ்வளவு பெரிய ஓட்டலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டார். "அண்ணாச்சி, நல்ல துண்டாப் பாத்து வைக்கேன், நீங்க சும்மா இருங்க. மாப்ள, இறால் எடுத்துக்கிடுங்க. கூச்சப்படக் கூடாது, இது நம்ம வீடு மாதிரி."

மாப்ள என்று சொல்லிவிட்டார். பையனுக்குப் புரையேறியது. அவனுடைய அம்மா தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார், தலையை நிமிர்த்தாமல்.

அந்தச் சாப்பாடு முடிவதாக இல்லை. அவர்கள் நிதானமாகச் சாப்பிட்டார்கள். நிதானமாகச் சாப்பிடுவதற்காகத்தானே அந்த மாதிரி ஓட்டல். எலும்பைத் தட்டி மஜ்ஜையை உறிஞ்சினார் பையனின் அப்பா. இறால் இன்னொரு பிளேட் வந்தது. நெத்திலி வறுவல் யாரும் கேட்காமலே வந்தது, அப்பாதான் சொல்லியிருந்தார். ஒவ்வொரு அயிட்டம் வரும்போதும் அப்பாவின் குரல் ஒரு படி ஏறியது. நடுவில் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்க நினைத்த ஒவ்வொரு தடவையும் அவர் யாருக்கோ சோறு போட்டுக்கொண்டிருந்தார். சோறு போட்டுக்கொண்டிருக்கிற ஒரு மனுஷனிடம் அதை எப்படிச் சொல்வது? அப்புறம், எனக்கு அலுப்பாகவும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நானும் சாப்பிட்டேன். இதுவரை எந்தப் பெண் பார்க்கும் நாளிலும் ஒரு வாய் சாப்பிட்டதில்லை, அன்றைக்குச் சாப்பிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண் அளவாகத்தான் சாப்பிட வேண்டும் என்று அம்மா கண்ணால் சொன்னாள். நான் வஞ்சிரத்தில் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன். உப்பு, காரம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாக்கு சொன்னது. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் உள்ளே போகவில்லை. பையன் ஒரே ஒரு தடவை என்னிடம் பேசினான். "ஆபீஸ் ஹார்பர் பக்கமா?" என்றான். "ஆமாம்" என்றேன். "டிராஃபிக் அதிகமா இருக்குமே" என்றான். "இருக்கும்" என்றேன். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவனையும் யாரோ உட்கார வைத்திருந்தார்கள்.

கடைசியில் இளநீர்ப் பாயசம் வந்தது, கண்ணாடி டம்ளரில். கூடவே ஒரு தட்டில் பீடா. அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து, மேல்துண்டைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, சந்தோசமா சாப்பிட்டீங்க. எங்களுக்கு மனசு நெறைஞ்சு போச்சு. இனிமே ஒரு நல்ல வார்த்தை பேசிருவோமா? தை பொறந்ததும் ஒரு நாளப் பாத்து..."

பையனின் அப்பா வாயருகே கொண்டுபோன ஸ்பூனை அப்படியே நிறுத்தினார். மனைவியைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். நீ சொல்லலையா என்கிற பார்வை. பாயச டம்ளர் கீழே இறங்கியது. பையனின் அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

அந்த வாயிலிருந்து வரப்போவது எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் எங்களை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லாமே போனில் வரும், இல்லையென்றால் நடுவில் இருக்கிறவர் வந்து சொல்வார், இல்லையென்றால் பதிலே வராது. யாரும் அப்பாவின் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. அதுவும் அவர் நின்றுகொண்டே பரிமாறிய மேஜையில், சர்வர் பக்கத்தில் நிற்க, பக்கத்து மேஜைக்காரர்கள் கேட்க. நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை.

"அப்பா, எனக்கு இந்த இடம் வேண்டாம்" என்றேன்.

அப்பா முதலில் சிரித்தார். நான் ஏதோ விளையாட்டுப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார். "என்னம்மா?"

"எனக்குப் பிடிக்கலப்பா. வேண்டாம்."

அந்தச் சிரிப்பு அவர் முகத்திலிருந்து போக நேரமாயிற்று. போகிற வரைக்கும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, அவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க அண்ணாச்சி. ஒத்தப் பிள்ளன்னு செல்லம் குடுத்து வளத்துட்டேன். எம் மேலதான் தப்பு. வரவழைச்சு அவமானப்படுத்திட்டோம். மன்னிச்சிருங்க."

பையனின் அப்பா முகம் சட்டென்று தெளிந்தது. கூட்டமான பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவர் முகம் மாதிரி. "அட, என்ன அண்ணாச்சி இதுக்குப் போயி. இந்தக் காலத்துப் பிள்ளைங்க அப்பிடித்தான். நாங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிட மாட்டோம், விடுங்க" என்றார். மன்னித்துவிட்டார்! எங்கள் அப்பாவை அவர் மன்னித்துவிட்டார்! என்ன தாராள மனசு! சொல்லிவிட்டுப் பீடாத் தட்டை இழுத்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பையனின் அம்மா பாயச டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பாயசத்தை எடுத்து அவர்கள் தலையில் ஊற்ற வேண்டும் போல ஒரு கணம் எனக்கு இருந்தது. பையன் மட்டும் அப்போதுதான் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். பார்த்துவிட்டு அவனும் தலையைக் குனிந்துகொண்டான்.

வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பினோம். லாரி நெரிசலில் வண்டி நகரவே இல்லை. டிரைவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னா சார், ஃபுல் கட்டா? அந்த ஓட்டல்ல பிரியாணி சோக்கா கீதுன்னு சொல்றாங்கோ. நம்மளும் ஒரு தபா வூட்ல இட்டுகினு வரணும். பாரு சார், லாரிய குறுக்கால வுட்டுகினு நிக்கிறான், ஒரே பேஜாரு." அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பிடித்தார். "இன்னா சாப்ட்டீங்கோ மேடம்?" நான் நண்டு சூப்பில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். நெத்திலி வரைக்கும் வந்தபோது அம்மா, "ஏட்டி, வாய மூடுதியா இல்லியா?" என்று அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பட்டு வேட்டியை அவிழ்த்துக் கொடியில் போட்டார். சமையலறைக்குள் போய்ப் பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி, மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார். ஓட்டலில் அவர் சூப்புக்கு மேல் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு அவர் கீழே இறங்கிக் கிடங்கைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது.

அதற்குப் பிறகு வெகுநாள் அவர் என்னிடம் நேராகப் பேசவில்லை. "ஒன் மவகிட்ட கேளு, கடைச் சாவிய எங்க வச்சான்னு" என்பார், நான் எதிரிலேயே நிற்பேன். அம்மா என்னைக் கேட்காத கேள்வி இல்லை. யாரையாவது மனசில் வைத்திருக்கிறாயா, ஆபீசில் எவனாவதா, வேற்றுச் சாதியா, சொல்லித் தொலை என்றாள். ஒரு நாள் அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதபோது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அன்றைக்கு அந்த மேஜையில் முட்டாளானது அப்பா என்று ஆகும். அவர் துண்டு துண்டாகப் பார்த்துப் போட்டதும், மாப்ள என்று கூப்பிட்டதும், கும்பிட்டதும் எல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். ராத்தூக்கம் போய்விடும் மனுஷனுக்கு. சொல்லாமல் விட்டால் திமிர் பிடித்தவள் என்கிற பேர் எனக்கு. எனக்கென்ன, பேரோடு பேர். நான் சொல்லவில்லை, இன்றுவரை.

ஒன்று மட்டும் நடந்தது. அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யாரும் பெண் பார்க்க வரவில்லை. நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. அதிலும் எனக்குச் சந்தோஷம் என்று ஒன்றும் இல்லை.

இந்த வருஷம், வெயில் ஏறத் தொடங்கிய நேரம், வியாசர்பாடியில் ஒரு கல்யாணம். அப்பாவிடம் வத்தல் வாங்கும் கடைக்காரர் வீட்டு விசேஷம். மத்தியானப் பந்தியில் அப்பா, அம்மா, நான் வரிசையாக உட்கார்ந்தோம். அப்பாவும் நானும் அப்போதும் அவ்வளவாகப் பேசிக்கொள்வதில்லை. அப்பாவுக்கு அந்தப் பக்கத்து இலையில் புளியந்தோப்பில் முட்டை மொத்த வியாபாரம் பண்ணும் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஊர் வம்பெல்லாம் அவர் வாயில்தான் குடியிருக்கும். சாம்பார் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா அண்ணாச்சி, திருவொத்தியூர் ஹார்டுவேர்காரன் வூட்ல கல்யாணம் முடிஞ்சிச்சாமே. அவங்கோதானே நம்ம பாப்பாவ பாத்துகினு போனது? ஓட்டல்ல வயிறு முட்ட துன்னுட்டு, வாணாம்னுட்டாங்களாமே? இன்னா மனுஷனுங்கோ!"

எனக்குக் கை இலையிலேயே நின்றுவிட்டது. எவ்வளவு விஷயம் இவருக்குத் தெரியும், இன்னும் என்ன சொல்லப்போகிறார் என்று பயந்தேன். அப்பா நிதானமாகப் பருப்புச் சோற்றைப் பிசைந்தார்.

"ஒமக்கு யாரு சொன்னா? அவங்க ஒண்ணும் சொல்லல. நாங்கதான் வேண்டாம்னுட்டோம்."

"நீங்களா? இன்னா அண்ணாச்சி சொல்றே! இன்ஜினியர் பையன், சொந்தக் கடை, சொந்த வூடு. அதுல இன்னா கொறையக் கண்டீங்கோ?"

அப்பா அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டார். ஜாதகம் சரியில்லை என்பார், இல்லையென்றால் பையனுக்கு ஏதாவது ஒரு வியாதியைக் கட்டிவிடுவார் என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் இதற்கெல்லாம் காரணம் தேடிக் கஷ்டப்பட மாட்டார்கள், எப்போதும் நாலைந்து தயாராக இருக்கும். அவர் தலையை நிமிர்த்தினார். எதிர்வரிசைக்கும் கேட்கிற மாதிரி, கடையில் விலை சொல்கிற குரலில் சொன்னார்.

"கொறையெல்லாம் ஒண்ணும் இல்லவே. எம் பொண்ணுக்குப் பிடிக்கல."

முட்டைக்காரர் அப்புறமும் எதற்காவது காத்திருந்தார். அப்பா சாம்பார் வாளியோடு வந்தவரிடம், "எம் மவளுக்கு ஊத்துப்பா மொதல்ல" என்றார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம், அத்தனை பேர் உட்கார்ந்திருந்த பந்தியில், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, வெட்கமே இல்லாமல் அழுதேன்.